நீல வாளி

மஹூத்தில் தண்ணீர் லாரி
செவ்வாய்க்கிழமை வரும்.
எந்தச் செவ்வாய் என்று
இதுவரை யாரும் சொன்னதில்லை.

மொக்லேஸுக்குப் போன் போட்டால்
"வழியிலதான் இருக்கேன் சிஸ்டர்" என்பான்.
பின்னால் டி.வி. ஓடும்,
ஆடு கத்தும்,
யாரோ பரோட்டாவுக்கு மாவு அடிப்பார்கள்.
அப்படியொரு வழி அது.

ஏசிக் குழாயின் கீழ் நீல வாளியை வைத்தது ஜெனோவா.
கடலிலிருந்து வரும் ஈரமெல்லாம்
அதில் சொட்டும்.
இரவுக்கு ஒரு வாளி,
காற்று தெற்கிலிருந்து அடித்தால் ஒன்றரை.
கக்கூஸுக்கு அது, தரை துடைக்க அது.
லாரி வராத பதினோராம் நாள்
அதிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு
டியூட்டிக்குப் போனேன்.
ஊசி போட வந்த குழந்தை
என் தோளில் மூக்கைச் சுருக்கியது.
துரு வாசனையோ என்னவோ.

பிறகு வாளியில் தினமும்
அரைச் சாண் குறைந்தது.
"நீதானே?" என்றேன்.
"நீதானே?" என்றாள்.
இரண்டு நாள் பேச்சு இல்லை,
ஒரே அடுப்பில் இரண்டு ரசம்.

மூன்றாம் நாள் வாளியின் விளிம்பில்
மணல் நிறத்தில் ஒரு மயிர்.
ஜெனோவா லேப்காரி.
கண்ணாடித் தகட்டில் ஒட்டி
மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து
"மனுஷ மயிர் இல்ல" என்று
என்னை விடுதலை செய்தாள்.

நரி.
காதுக்குத் தீனி போட்டு
உடம்பை மறந்துவிட்ட மாதிரி இருக்கும்.
இரவு இரண்டே முக்காலுக்கு வரும்.
இந்த ஊரில் நேரம் தவறாத ஒரே சேவை.

வாளிக்கு மூடி போட்டு
மேலே செங்கல் வைத்தாள் ஜெனோவா.
அவள் தூங்கியதும் எடுத்தேன்.
மறுநாள் நானே வைத்தேன்.
அன்று எனக்கு இரண்டாம் நாள்,
டேங்கில் சேறு மட்டும்.
நரிக்கு அதையெல்லாம் எப்படி விளக்குவது.

ஜூனில் ஒரு சனிக்கிழமை
கரண்ட் போயிற்று.
மின்சார ஆபீஸில் சுலைம் சொன்னார்,
டிரான்ஸ்ஃபார்மர் ஹைமாவிலிருந்து வரணும்.
எப்போது?
"புக்ரா."
அவர் மேஜை விசிறியும் நின்றுதான் இருந்தது.
வேர்வையைத் துடைத்துக்கொண்டு
பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார்.
அதற்குமேல் எப்படிச் சண்டை போடுவது.
இரண்டு எடுத்துக்கொண்டேன்,
ஒன்று ஜெனோவாவுக்கு.

க்ளினிக் ஜெனரேட்டர் தடுப்பூசிகளுக்கு மட்டும்.
அவை குளிரில் தூங்க
நாங்கள் வாசலில் பாய் விரித்தோம்.
ஏசி இல்லை, சொட்டு இல்லை.
அந்தச் சத்தம் இல்லாததே
காதுக்குள் ஒரு சத்தமாக இருந்தது.

இரண்டே முக்கால்.
மூடியில்லாத வாளிக்குள் தலை விட்டது நரி.
குழாய் முனையை ஒருமுறை நக்கியது.
பிறகு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தது,
புகார் கொண்டு வந்துவிட்டு
எந்த கவுண்டர் என்று தெரியாத ஆள் போல.

"புக்ரா," என்றாள் ஜெனோவா அதனிடம்.
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை, நரியும் போகவில்லை.

குடிக்க மூன்று பாட்டில் இருந்தது.
ஒன்றைத் திருகினாள்.
வாளி மூடியைக் கவிழ்த்து
அளந்து அளந்து ஊற்றினாள்,
சிறுநீர் சாம்பிளைக்கூட அப்படி அளந்து நான் பார்த்ததில்லை.
"இவ்வளவுதான் ஒதுக்கீடு" என்றாள்.
நாக்கின் சத்தம் அத்தனை சின்னதாக இருந்தது.
மிச்சத்தை நாங்கள் இருவரும் குடித்தோம்,
ஆளுக்கு இரண்டு மடக்கு.

மறுநாள் மத்தியானம்
கரண்டும் லாரியும் ஒன்றாக வந்தன.
"சொன்னேன்ல சிஸ்டர், வழியிலதான் இருந்தேன்,"
என்றான் மொக்லேஸ், குழாயை மாட்டிக்கொண்டே.

வாளி இப்போது நிரம்பி வழிகிறது.
ஒன்பது நாளாக நரி இல்லை.
வேறு யார் ஏசியோ,
நெடுஞ்சாலையில் ஏதாவது டயரோ,
ஜெனோவா அந்தப் பேச்சை எடுப்பதில்லை.
இரண்டே முக்காலுக்கு
இருவருக்கும் விழிப்பு வருகிறது,
இருவரும் தூங்குகிற மாதிரி கிடக்கிறோம்.

செங்கல்
கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க
முட்டுக்கொடுத்திருக்கிறது.