அந்தச் சிரிப்பு வரும் இடம்

அட்டையில் நான்கு பேர்.
ஒருவன் கண்ணை மூடியிருக்கிறான்.
முகத்தில் வெயில் அடித்திருக்கும்.
இன்னொரு படம் எடுக்கக் காசில்லை போல,
அதையே அச்சடித்துவிட்டார்கள்.

கீழக்கரை சேகு நைனா
துபாயிலிருந்து திரும்பிய வருஷம்
நூற்றிருபது ரூபாய் ஐஸ் பாக்கிக்கு
அதைத் தந்துவிட்டுப் போனான்.
"இங்கிலீஷ் பாட்டு. முதல் கேசட்டாம் அவனுகளுக்கு.
கேட்டா ராத்திரி தூக்கம் வராது."
பாம்பன் வடகரை ஐஸ் கம்பெனியில்
எனக்கு அப்போது இரவு ஷிப்ட்.
தூங்காமலிருக்கத்தான் சம்பளம்.

ஒரு வார்த்தை புரியவில்லை.
அமோனியா நெடி,
உப்புத் தண்ணீரில் கழுத்தளவு நிற்கும் தகர டின்கள்,
அதற்கு நடுவே எவனோ
தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்,
கரையிலிருப்பவனிடம்
கயிற்றைப் பிடி பிடி என்பதுபோல.
அது புரிந்தது.

கம்ப்ரசர் எடுக்கும்போது வோல்டேஜ் இறங்கும்.
பாட்டும் இறங்கும்.
பாடுகிற பையன் அரை நிமிஷம் கிழவனாகி
மறுபடி பையனாகி ஏறிவருவான்.
அப்படித்தான் பாடியிருக்கிறார்கள் என்று
ஒன்பது மாதம் நம்பினேன்.
ஐந்தாவது ஆள் கம்ப்ரசர்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு.
ஏழாவது அடியில்
டிரம் அடிப்பவன் குச்சியைத் தவறவிடுகிறான்.
டக், டக்கென்று தரையில் உருள்கிறது.
யாரோ சிரிக்கிறான்.
பாட்டு நிற்கவில்லை.
குச்சியைப் பொறுக்கிக்கொண்டு
ஓடிவந்து ஏறிக்கொள்கிறான் அவன்,
பாலத்துக்கு முன்னால் மெதுவாகும் ரயிலில்
ஏறுகிற மாதிரி.

முதல் ஷிப்டில் ஐஸ் கொக்கியைக்
காலில் போட்டுக்கொண்டவன் நான்.
தழும்பு இருக்கிறது.
அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, திட்டினார்கள்.

அந்த இடத்துக்காகக் காத்திருப்பேன்.
லோடு ஏற்றும் கித்தேரியம்மாள்
வெளியே வண்டியிலிருந்து கத்துவாள்:
"உன் ஆளு குச்சியப் போட்டுட்டானா?"
"போட்டுட்டான்."
"அப்ப மணி மூணு."

அவர்களுடைய மற்ற ஏழு கேசட்டும்
ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக் கடையில்
சொல்லிவைத்துப் பதிந்து வாங்கினேன்.
நல்ல பாட்டுகள்தான். வயலினெல்லாம் வருகிறது.
எதுவும் கீழே விழவில்லை.
தாங்கள் யாரென்று அதற்குள் அவர்களுக்குத்
தெரிந்துபோயிருந்தது.

ஒரு கச்சான் காலத்தில் மணல் புகுந்து
மெஷின் நாடாவைத் தின்றது.
பிளேடால் நறுக்கி செலோடேப் ஒட்டினேன்.
முதல் பாட்டில் நான்கு விநாடி போயிற்று.
அதன்பிறகு அது
முன்பல் விழுந்த வாயோடு பாடியது.
பழகிக்கொண்டோம்.

இப்போது கேசட் இருக்கிறது, போட மெஷின் இல்லை.

இந்த வருஷத் தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் நங்கூரத்தில்.
ஐஸ் கேட்க ஆளில்லாமல் கம்ப்ரசர் ஓய்ந்த மத்தியானம்
கித்தேரியின் போனில் அது அகப்பட்டது.
ஐம்பது வருஷம் ஆயிற்றாம்,
புதுசாகத் துடைத்துத் தந்திருக்கிறார்களாம்.

முதல் பாட்டில்
முன்பின் தெரியாத நான்கு விநாடி.
கல்யாண வீட்டில் யாரென்றே தெரியாதவர்
உரிமையோடு தோளில் கைபோட்ட மாதிரி
நெளிந்தேன்.
குரல் எங்கேயும் இறங்கவில்லை.
அவன் கிழவனாகவே இல்லை.

மூன்றாவது பாட்டு.
கித்தேரி விரலை உயர்த்தினாள்.
ஏழாவது அடி.
குச்சி இல்லை. சிரிப்பு இல்லை.
ஏலக்கூடத் தரையை அடித்துக் கழுவுவதுபோல
கழுவிவிட்டிருந்தார்கள்.

"சிரிச்சவன் செத்துட்டானோ?" என்றாள்.
எனக்குத் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் தென்கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்,
அங்கே ஒன்றுமில்லை.

பிறகு அவளே முதலிலிருந்து வைத்தாள்.
ஆணியில் தொங்கிய ஐஸ் கொக்கியை எடுத்தாள்.
நான்கு, ஐந்து, ஆறு,
சிமெண்டுத் தரையில் போட்டாள்.
டக், டக்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பாட்டு நிற்கவில்லை.
அவள் மட்டும் தலையை ஆட்டினாள்.
"அரை அடி பிந்திட்டேன்.
திரும்ப வை."