தொனி, முதல் இதழ்

முதலில் பெயர் உடைந்தது.

தொனி என்று தட்டினால்
த தனியாக நின்றது.
கொம்பு அதன் முதுகுக்குப் பின்னால்,
கால் அடுத்த வீட்டில்,
நடுவில் யாரும் கேட்காத ஒரு புள்ளி வட்டம்.
கல்லூரிக் கணினிக்குத் தமிழ் வரவில்லை.
ஆங்கிலத்தில் வை, ஐந்து நிமிட வேலை என்றான் ஃபிர்தவுஸ்.
அவன் இதழுக்குப் பெயர் வந்து
பெயருக்கு நிழலும் வந்துவிட்டிருந்தது.
நான் கொம்பைப் பிடித்து முன்னால் இழுத்து
மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன்.
இரவு பதினொன்றுக்கு அது ஒரு சொல்லானது.

அட்டை, பொருளடக்கம், நடுப்பக்கம் இரண்டு.
கேட்டது அவ்வளவுதான்.
படங்கள் நாமே எடுத்தவையாக இருக்கவேண்டும்.
இலக்கு வாசகர் யாரென்று ஒரு கட்டம்:
வயது, பதினாறு முதல் இருபத்துநான்கு.
மாத வருமானம் என்ற இடத்தில்
எங்கள் மூன்றாம் டிவிஷன் பிள்ளைகளை நினைத்து
ஒரு எண் போட்டேன், அழித்தேன்,
"மாறும்" என்று எழுதினேன்.

அட்டைக்கு ரேவிகா.
பகாவ் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட்.
இதுவரை ஒரே பாட்டு,
கேட்கப்பட்டது முன்னூற்றுப் பன்னிரண்டு தடவை,
அதில் நாற்பது நான்.

செம்பனை ஆலைக்கு எதிரே நிறுத்தினேன்.
கம்பெனிச் சின்னம் தெரியாதிருக்க
சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள்.
எண்பது படம், எண்பதிலும் பள்ளி அடையாள அட்டை முகம்.
பிறகு குலை ஏற்றிய லாரி ஒன்று
காதருகே ஹார்ன் அடித்தது.
அவள் திரும்பி டிரைவரைத் திட்டினாள்.
அதுதான் அட்டை.
வாய் பாதி திறந்து, முடியெல்லாம் புழுதி,
பின்னால் ஆலையின் வெள்ளைப் புகை.
பாடுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

பக்கவாட்டில் மஞ்சளில் போட்டேன்:
ஈப்போ மேடையில் நடந்தது என்ன?
ரேவிகா மனம் திறக்கிறார், பக்கம் 14.
ஈப்போவுக்கு அவள் போனது ஒரே தடவை,
சித்தி மகள் கல்யாணத்துக்கு.

பொருளடக்கத்தில் அறுபத்திரண்டு பக்கம் வரை போய்விட்டேன்.
22, மெத்தையைச் சுவரில் சாய்த்து ஒலிப்பதிவு செய்வது எப்படி.
31, அப்பாவின் பழைய காரில் பாஸ் எவ்வளவு தாங்கும்.
47, வாசகர் கோபம்.
இல்லாத பக்கங்களுக்குப் பெயர் வைப்பது
இத்தனை சுகமாக இருக்குமென்று
யாரும் சொல்லவில்லை எனக்கு.

மூலையில் பார்கோடு இல்லையென்றால் இரண்டு மார்க் போகும்.
வீட்டு பிஸ்கட் பாக்கெட்டில் இருந்ததைப்
படமெடுத்து ஒட்டினேன்.
விலை, ஆறு ரிங்கிட் தொண்ணூறு காசு.

புவான் நோராய்னி பெயரைத் தடவிப் பார்த்தார்.
சத்தமா, என்று மலாயில் கேட்டார்.
சத்தம் இல்லை, சத்தம் வருகிற விதம், என்றேன்.
பி பிளஸ்.
நடுப்பக்கத்தில் வெள்ளை இடம் அதிகமாம்.

வழவழத் தாளில் ஒரே ஒரு பிரதி,
பன்னிரண்டு ரிங்கிட்.
இரவு எடுத்துக்கொண்டு போனேன்.
ரேவிகா கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால்
வெகுநேரம் தன்னையே பார்த்தாள்.
பிறகு ஸ்கேனரை எடுத்து
தன் தோள் பக்கம் காட்டினாள்.
பீப்.
கிரீம் பிஸ்கட், நாலு ஐம்பது.
"அவ்ளோதானா நானு?"
சிரித்துக்கொண்டே திறந்தாள்,
விரல் வரிவரியாக இறங்கியது, நின்றது,
புரட்டினாள், பின்னட்டை வந்துவிட்டது.

"பதினாலு எங்க?"
"இல்ல."
"இல்லன்னா?"
"எழுதல. மார்க்குக்குத் தேவையில்ல."

மூன்றாம் பம்ப், இருபது ரிங்கிட் என்று
ஹெல்மெட்டோடு ஒருவர் நோட்டை நீட்டினார்.
வாங்கிப் போட்டாள்.
மெஷினில் இருந்து ரசீதுத் தாளை
முழங்கை நீளம் இழுத்துக் கிழித்து
பேனாவோடு கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

"எழுது லா.
ஈப்போவுல என்ன ஆச்சுன்னு நான் சொல்றேன்."