ஐந்தாவது வாரம்

தேயிலை ருசி பார்க்கும் தராசில்
பாம்புக்குட்டி, உன்னை நிறுத்தேன்:
இரண்டு கோப்பைத் தூளின் எடை.

கோத்தகிரியில் நேற்றிலிருந்து கரண்ட் இல்லை.
உன் பெட்டிக்கடியில் வெந்நீர்ப் பை.
என் கால்களுக்கு ஒன்றுமில்லை.

ரோமம் முளைக்காத எலிக்குஞ்சை
ஐஸ் விடவைத்து, சூடாக்கி,
இடுக்கியில் பிடித்து ஆட்டினால்
கொக்கியாய் வளைந்து பின்வாங்குகிறாய்,
தின்ன வந்தவன் நான்தான் என்பதுபோல.

ஜெசிந்தா போனில் கேட்டாள்:
"சாப்பிட்டாச்சா?"
உன்னைத்தான் என்று நினைத்து
"இன்னும் இல்லை, அஞ்சு வாரமாச்சு" என்றேன்.
மறுமுனையில் வெகுநேரம் மழை.

சாம்பிள் தூள் வந்த காகிதப் பையில்
உங்கள் இருவரையும் போட்டு
வாயை மடித்துக் கிளிப் மாட்டி
மெழுகுவத்தியை ஊதினேன்.

காலையில் பையைப் பிரிக்கவில்லை.
ஜன்னலில் மூடுபனி கொஞ்சம் விலகியதும்
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

ஒரே நிழல்.
நடுவில்
ஒரு முடிச்சு.