செல்லாத கேட்ச்

மேல்விஷாரத்தில் அந்த மைதானத்துக்கு
ஞாயிற்றுக்கிழமை நான்கு சொந்தக்காரர்கள்.
வடக்கே நாங்கள், சுண்ணாம்புக் கோடு போட்டு.
தெற்கே டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்.
நடுவில் பைக் ஓட்டப் பழகும் ஒருவன்.
மிச்சமெல்லாம் ஆடுகளுக்கு.

மற்ற ஆறு நாளும் நான்
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் தோல் பார்ப்பவன்.
முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி,
சாயம் ஏறாத இடம்,
கண்ணில் பட்டால் ஒதுக்கணும்.
ஏழாம் நாள் விசில்.
பஸ் காசும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கூலி.

எழுபத்தொன்றாம் நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.
குடியாத்தம் தணிகைவேல்
பெனால்டி கட்டத்துக்குள் புகுந்து
இடது காலால் அடித்தான்.
தாழ்வான அடி, வலது கம்பத்தைக் குறிவைத்து.
கோலி தப்ரேஸ் சாயத் தொடங்கினான்.

அப்போதுதான் தெற்கிலிருந்து வந்தது
பச்சைப் பந்து.
யாரோ கண்ணை மூடிச் சுற்றிய சிக்ஸர்,
வெயிலில் கொஞ்சம் நின்று
எங்கள் கோல் வாசலில் இறங்கியது.

தப்ரேஸின் உடம்பு ஒரு பக்கம் போக
கை மட்டும் மேலே போனது.
பிடித்தான்.
ஒற்றைக் கையில், அப்படியொரு கேட்ச்.
அவன் முழங்காலுக்குக் கீழே கால்பந்து
சத்தமில்லாமல் வலைக்குள் நுழைந்தது.

‘கோல்!’ என்றது வடக்கு.
‘அவுட்!’ என்றது தெற்கு.
பைக்காரன் கீழே விழுந்தான்.

விதி எனக்கு மனப்பாடம்.
வழிதவறிய பொருள் உள்ளே வந்தால்
இடைஞ்சல் இல்லாதவரை ஆட்டம் ஓடட்டும்.
ஒரு ஆடு குறுக்கே நின்று
அதன் விலாவில் பட்டே பந்து கோலுக்குள் போனாலும்,
தடுக்க வந்தவனை அது மறிக்கவில்லையென்றால்
கோல்தான்.
இங்கே பந்தில் எதுவும் படவில்லை.
யாரையும் எதுவும் மறிக்கவில்லை.
ஒரு கை
வேறு பந்தை நம்பிவிட்டது, அவ்வளவுதான்.

‘அவனை யாரு சார் பிடிக்கச் சொன்னா?’
தணிகைவேல் கேட்டான். நியாயம்.
‘நான் பிடிக்கல சார், கை பிடிச்சிருச்சு.’
அதுவும்தான்.

கோல் இல்லை என்றேன்.
டிராப் பால், தப்ரேஸுக்கு.
குடியாத்தம் மேனேஜர் என் அம்மாவைப் பற்றி
இலக்கணப் பிழையில்லாமல் ஒன்று சொன்னார்.
மஞ்சள் அட்டை காட்டினேன்.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
திருப்பி வாங்க மூன்று நிமிடம் ஆனது.

அதற்குள் மட்டையோடு ஒரு பொடியன்
ஓடி வந்து நின்றான், மூச்சு வாங்க.
‘சார், நான் அவுட்டா?’
பிடித்தவன் உங்கள் டீமா?
‘இல்ல.’
அப்போ நாட் அவுட்.
மட்டையை முத்தமிட்டுக்கொண்டு திரும்ப ஓடினான்.
அன்றைக்கு என் தீர்ப்பில்
சந்தோஷப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றிலேயே முடிந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம்.
நெடுஞ்சாலை லாரிகள், பாலாற்று மணல் காற்று,
பழகிய தோல் நாற்றம்.
அந்தப் பச்சைப் பந்து வராமலிருந்தால்
அவன் விரல் எட்டியிருக்குமா?
கம்பத்துக்கு உள்ளே ஒரு சாண்.
அடித்த வேகமும் கொஞ்சமில்லை.
எட்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.
விதி அதைக் கேட்பதில்லை.
முயல விட்டார்களா என்று மட்டும் கேட்கிறது.

பஸ் காசு கொடுத்தார்கள்.
பிரியாணி தீர்ந்துவிட்டதாம்.