ஏழாவது அடி

மத்திகிரிப் பண்ணையில்
நொண்டிய பழுப்புக் குதிரையின் குளம்படி கேட்டுத்தான்
அந்த அணிவகுப்பு மெட்டை எழுதினாராம்
பேண்ட் மாஸ்டர் கயேத்தான் பரேட்டோ.
ஏழாவது அடி அரைக்கணம் பிந்தும்.
பட்டாளமே தடுமாறியது.
“திருத்து” என்றார் கர்னல்.
“அதன் கால் ஆறட்டும், திருத்துகிறேன்.”

கோவாவிலிருந்து வந்தபோது தெரிந்த தமிழ் மூன்றே சொல்:
தண்ணீர், சரி, மெதுவா.

பென்ஷனுக்குப் பிறகு ஒருநாள்
ஓசூர் தாலுகா ஆபீசில்,
அயல்நாட்டார் பதிவேட்டோடு நான்.
பிறந்த ஊர்?
மட்காவ்.
திரும்பிப் போகும் தேதி?

பேசவில்லை. என் மேசையில்
விரலால் தட்டினார், ஆறு வரை.
ஏழாவதுக்குக் காத்திருந்தேன்.
தொப்பியை எடுத்துக்கொண்டு
வெயிலில் இறங்கிவிட்டார்,
மத்திகிரிப் பக்கமாக.

அந்தக் கட்டம்
இன்னும் காலிதான்.
மை தொட்டுவைத்த பேனா
எத்தனை முறை காய்ந்ததோ.