புள்ளி இல்லாத வட்டு

கால்குலேட்டர் கூழ்த்தொட்டியில் விழுந்தது.
எடுத்துக் கழுவி வெயிலில் வைத்தோம்.
எதைத் தட்டினாலும் எட்டு என்றது.
செல்போனைக் கேட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான்
உள்ளே வரவேண்டும்.
ஸ்டோரில் புதுசு கேட்டு எழுதினேன்.
சீசன் முடியட்டும் என்றார்கள்.
காவேரிப்பட்டணம் ரோட்டில் அப்போது
மாங்காய் லாரிகள் பாலம் வரைக்கும் நின்றன.

ஞாயிற்றுக்கிழமை
யாரோ வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகை,
நல்ல தடித்த அட்டை,
வெட்டி இரண்டு வட்டம் எடுத்தேன்.
பின்பக்கம் திருப்பினால்
இரவு விருந்து ஏழு மணிக்கு என்று இன்னும் படிக்கலாம்.

ப்ளஸ் டூவில் கிழியாமல் தப்பித்த மடக்கை அட்டவணை.
இரண்டின் மடக்கையை முந்நூற்றறுபதால் பெருக்கினால்
நூற்றெட்டு பாகை, அப்புறம் கொஞ்சம்.
அந்தக் கொஞ்சத்தைக் கோணமானி காட்டாது.
பென்சிலை இன்னொரு தரம் சீவி
நூற்றெட்டைத் தாண்டியும் தாண்டாமலும் கோடிழுத்தேன்.
மூன்று, நூற்று எழுபத்திரண்டுக்குச் சற்று முன்.
ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக
வட்டத்தில் கால்வாசிக்கு மேல் நடக்க வேண்டும்.
ஒன்பதிலிருந்து பத்துக்கு ஒரு தும்மல் தூரம்.
பத்து என்று எழுதப் போன இடத்தில்
ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருந்தது.

நடுவில் ஜாக்கெட்டுக்குத் தைக்கிற அமுக்குப் பொத்தான்.
ஊசி அரை நூல் விலகி இறங்கிவிட்டது.
ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் என் வட்டு
எப்போதும் கொஞ்சம் குறைத்துச் சொல்லும்.
திருத்தவில்லை.
எந்தப் பக்கம் பொய் வரும் என்று தெரிந்தால் போதும்,
அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்து எனக்குப் பழக்கம்.

நூறு கிலோ பெங்களூராவுக்கு ஐம்பத்திரண்டு கிலோ கூழ்.
உள்வட்டின் ஒன்றை
வெளிவட்டின் ஐம்பத்திரண்டுக்கு நேரே நிறுத்தினால்
அன்றைக்கு முழுக்கத் திருப்ப வேண்டாம்.
சந்தூர் லாரி எட்டு டன்: நாலு பதினாறு.
போச்சம்பள்ளி லாரி ஆறரை: மூணு முப்பத்தெட்டு.
இன்னும் மரத்திலிருந்தே இறங்காத காய்க்கும்
அங்கே பதில் தயாராக இருந்தது.

சூப்பர்வைசர் குணசீலன் எட்டிப் பார்த்தார்.
"ராசிச் சக்கரமா? எனக்கு எப்போ கல்யாணம், சுத்திப் பாரு."
சுற்றினேன்.
"பதினாலு புள்ளி ஏழு."
மாதமா வருஷமா என்று கேட்டார்.
அது வட்டுக்குத் தெரியாது சார் என்றேன்.

உண்மையில் அதற்குப் புள்ளியே தெரியாது.
நாலு புள்ளி இரண்டு, நாற்பத்திரண்டு, நானூற்று இருபது
எல்லாம் அதற்கு ஒரே கோடு.

ஜூலையில் ஒரு ராத்திரி, இரண்டாவது ஷிப்டும் சேர்ந்த ராத்திரி,
ஆயிரத்து நானூறு கிலோ கூழ்,
நூற்றுக்குப் பூஜ்யம் புள்ளி மூன்று எலுமிச்சை உப்பு.
ஒன்றைப் பதினாலில் நிறுத்தி
மூன்றின் எதிரே பார்த்தேன்.
வட்டு சரியாகத்தான் சொன்னது.
சீட்டில் எழுதினேன்: 42 கிலோ.

பர்வீன் சீட்டோடு திரும்பி வந்தாள்.
"அக்கா, மூட்டையே இருபத்தஞ்சு.
ரெண்டு மூட்டை பிரிக்கவா?
நேத்து இதே தொட்டிக்கு ஒரு டப்பாதானே தூக்கினேன்?"
தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

வாங்கி, நாலுக்கும் இரண்டுக்கும் நடுவே
பேனாவை அழுத்தினேன்.
சீட்டு பொத்துக்கொண்டது.

அதற்கப்புறம் வட்டைத் திருப்பினால்
இலக்கத்தை மட்டும் உரக்கச் சொல்லுவேன்.
பர்வீன் வெறுங்கையை ஒருதரம் தூக்கி இறக்கிப் பார்ப்பாள்.
பிறகுதான் எழுதுவது.

புதுக் கால்குலேட்டர் செப்டம்பரில் வந்தது,
பழம் ஓய்ந்து தொட்டிகளைக் கவிழ்த்த பிறகு.
எட்டைத் தட்டிப் பார்த்தேன்.
எட்டு என்றது.