மெய் மூலங்கள்

லிப்டின் உண்டியலில் இருபது தெத்ரி போட்டால்தான்
கதவு மூடும், மேலே ஏறும்.
"சில்லறை இல்லை" என்றான் ஜும்பேர், கீழே முற்றத்தில் நின்று.
திபிலிசியில் சில்லறை இல்லாத சட்டைப்பை ஏது?
"வீசுகிறேன். பிடி."

ஐந்தாம் தளத்துப் பால்கனி.
ஒன்பதாம் வகுப்பின் முப்பத்தொரு விடைத்தாள்,
பறக்காதிருக்க மேலே ஒரு மாதுளம்பழம்.
எழுந்து கம்பிக்கு வெளியே கை நீட்டினேன்.
அவன் கைக்கும் என் கைக்கும் நடுவே
பதினொன்றே கால் மீட்டர்.
பதினாறு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்களுக்கு
அதிகம்தான்.

மூன்று சாவி: வீடு, தபால்பெட்டி, நிலவறை.
வளையத்தில் இன்னும் அந்தப் பித்தளை மீன்.

ஈர்ப்பைப் பத்தென்று வைத்துக்கொள்வோம்,
வகுப்பில் வைத்துக்கொள்வதுபோல்.
வீசிய வேகத்தின் வர்க்கத்திலிருந்து
இருநூற்று இருபத்தைந்தைக் கழி.
மிஞ்சுவது தன்மைக்காட்டி.
கணக்கைப் போடும் முன்னமே
விடை உண்டா என்று சொல்லிவிடும்,
எத்தனை என்றும் சொல்லும்.
எப்போது என்று
அது வாய் திறக்காது.

முதல் வீச்சு, பதினான்கு.
இருபத்தொன்பது கடன்.
கொத்து என்னைப் பார்க்காமலே திரும்பி
நான்காம் தளத்து லம்சிராவின் ஈரப் போர்வையில் விழுந்து
சறுக்கித் தரைக்குப் போயிற்று.
"யாரது?" என்றாள்.
நாங்கள் பதில் சொல்லவில்லை.
இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும் யாரென்று.

இரண்டாவது, பதினேழு.
ரயில்வே அணிக்கு ஹேண்ட்பால் ஆடிய தோள்.
அறுபத்து நான்கு மிச்சம், வர்க்கமூலம் எட்டு,
தேர்வுத்தாளுக்கென்றே அளந்து வீசியதுபோல்.
இரண்டு வாய்ப்பு அப்போது:
ஒரு நொடி ஆவதற்குள் ஏறும்போது ஒருமுறை,
இரண்டரை நொடியில் இறங்கும்போது ஒருமுறை.
இடையில்
என் வீட்டுக் கதவு முழுவதும்
என் தலைக்கு மேலே தொங்கிற்று.
ஏறும்போது வெயில் கண்ணைக் குத்தியது.
இறங்கும்போது கையை இழுத்துக்கொண்டேன்.
வெயில் என்றே இரண்டுக்கும் சொன்னேன்.

பாதுமித் துறைமுகத்தில் அவனுக்கு வேலை கிடைத்தபோது ஒன்று,
வேலை போய் ஒரு பையோடு திரும்பி வந்தபோது ஒன்று,
அங்கேயும் இரண்டு இருந்தன.
கை நீட்டினாயா என்று
யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது.

மூன்றாவது.
வேகத்தை எதை வைத்து அளப்பேன்?
ஆனாலும் பதினைந்து.
ஒன்றரை நொடியில் கொத்து
என் உள்ளங்கைக்கு நேரே வந்து
ஏறவில்லை,
இறங்கவில்லை,
பித்தளை மீன்கூட வாலை ஆட்டவில்லை.
பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்பவர்கள்
அந்தக் கணத்தில் என் பால்கனிக்கு வந்திருக்க வேண்டும்.
விரல்களை மடக்கினேன்.
எடையே இல்லை.
மடக்கிய பிறகுதான் கனத்தது.

கீழே அவன் கைத்தூசியைத் தட்டினான்.
தலையை ஒருமுறை அசைத்தான், நடந்தான்.
சட்டைப்பையில் சில்லறை குலுங்கியது.
பதினொன்றே கால் மீட்டர் மேலே
தெளிவாகக் கேட்டது.

உட்கார்ந்தேன்.
தூத்தாவின் தாள், ஏழாம் கேள்வி.
பிழையில்லாமல் கழித்து, மைனஸ் பதினொன்று கண்டு,
"விடை இல்லை" என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறாள், கோபத்தோடு.
இதற்கு அரை மதிப்பெண் பிடிப்பது என் வழக்கம்.
சிவப்புப் பேனாவால்
"விடை"க்கு முன்னால் "மெய்" என்று
சிறியதாக நுழைத்தேன்.
மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை.

காற்று வந்தது.
தாள்கள்மேல் சாவிக்கொத்தை வைத்துவிட்டு
மாதுளையைப் பிளந்தேன்.